தொப்பிக்குப் பின்னால் ஒரு முகம்

குதிரை வண்டி, வைக்கோல் தொப்பி, மௌனம். மென்னோனைட்டுகள் என்றதும் உலகம் எடுத்து நீட்டும் படம் இது. மெக்ஸிகோவிலிருந்து சத்தீஸ்கர் வரை ஊர்கள் சொல்லும் கதையோ வேறு.

வட மெக்ஸிகோவின் சிவாவா மாநிலம். குவாவ்டெமோக் நகரைத் தாண்டி வடக்கே போகும் நெடுஞ்சாலையில் குதிரை வண்டியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். இருபுறமும் டிராக்டர் விற்பனைக் கூடங்கள், வெல்டிங் பட்டறைகள், சீஸ் கடைகள், பிஸா விடுதிகள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து வலை போர்த்திய ஆப்பிள் தோட்டங்கள். கிளைச்சாலையில் திரும்பினால் ஒரே நீளத் தெருவாகக் கிராமங்கள். அவற்றை எண்ணைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். 'ஆறரை' என்றுகூட ஓர் ஊர் இருக்கிறது.

வியாபாரத்துக்கு ஸ்பானிஷ், தேவாலயத்தில் இலக்கண ஜெர்மன், வீட்டில் 'ப்ளாட்டீச்' எனப்படும் தாழ் ஜெர்மன். இந்த மூன்று மொழிகளுக்குப் பின்னால் சுமார் 500 ஆண்டு அலைச்சல் இருக்கிறது.

1525ல் ஜூரிச் நகரில், குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதுதான் செல்லும் என்று சிலர் கிளம்பினார்கள். அதற்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். 1536ல் கத்தோலிக்கப் பாதிரியார் பதவியை உதறிவிட்டு இவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸின் பெயரே பிறகு சமூகத்தின் பெயராயிற்று. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பது கொள்கை. ரஷ்யாவில் கட்டாய ராணுவ சேவை வந்தபோது, 1870களில் ஒரு பகுதியினர் கனடாவுக்குப் போனார்கள். அங்கே ஆங்கிலப் பள்ளிகள் கட்டாயமானதும் மறுபடி மூட்டை கட்டினார்கள். ராணுவ சேவை கிடையாது, பிரமாணம் கிடையாது, பள்ளிகளை அவர்களே நடத்திக்கொள்ளலாம் என்று 1921ல் மெக்ஸிகோ அதிபர் அல்வாரோ ஓப்ரெகோன் எழுதிக் கொடுத்தார். 1922ல் ரயில்கள் வந்து சேர்ந்தன.

தங்களை விட்டுவிட்டால் போதும் என்று வந்தவர்களைத் தேடி கேமரா வந்தது.

1985ல் வெளியான 'விட்னெஸ்' ஹாலிவுட் படம் காட்டியது பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமூகத்தை. அவர்கள் 1693ல் பிரிந்துபோன வேறு கிளை. ஆனால் பார்த்தவர்களுக்கு இருவரும் ஒன்றாகிப் போனார்கள். 2007ல் மெக்ஸிகோ இயக்குநர் கார்லோஸ் ரேகதாஸ், 'மௌன ஒளி' என்று பொருள்படும் படத்தைச் சிவாவாவிலேயே எடுத்தார். நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லாத மென்னோனைட்டுகள். மொழி ப்ளாட்டீச். கான் விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது. மணமான விவசாயி ஒருவர் இன்னொரு பெண்ணைக் காதலிப்பதுதான் கதை. புனிதர்கள் வாழும் ஊர் என்ற படத்துக்கு நடுவே, தடுமாறும் சாதாரண மனிதர் ஒருவர் தெரிந்தார். 2017ல் கனடா தொலைக்காட்சித் தொடர் 'ப்யூர்' எதிர்க்கோடிக்குப் போய், போதைப்பொருள் கடத்தும் மென்னோனைட்டுகளைக் காட்டியது. சிலர் கடத்தலில் சிக்கியது உண்மைதான். ஆனால் சிலரின் குற்றத்தைச் சமூகத்தின் அடையாளமாக்கும் வேலையைத் திரை சுலபமாகச் செய்துவிடுகிறது.

புனிதர் என்ற படமும் ஆபத்து இல்லாததல்ல. மெக்ஸிகோவில் ரப்பர் டயரும் மின்சாரமும் நுழைவதைப் பொறுக்காதவர்கள் 1960களின் இறுதியில் பொலிவியாவுக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். அந்நாட்டின் மனிடோபா காலனியில் 2005 முதல் 2009 வரை, கால்நடைகளுக்கான மயக்க மருந்தை இரவில் வீட்டுக்குள் தெளித்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். காலையில் வலியோடு எழுந்தவர்களிடம், பிசாசின் வேலை, கற்பனை என்றெல்லாம் சொல்லப்பட்டது. குற்றவாளிகள் அதே காலனியின் ஆண்கள். 2011ல் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது.

கனடாவில் மென்னோனைட் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் மிரியம் டேவ்ஸ் இதை வைத்து 2018ல் 'விமன் டாக்கிங்' நாவலை எழுதினார். ரேகதாஸின் படத்தில் விவசாயியின் மனைவியாக நடித்தவரும் இவர்தான். சாரா போலி எடுத்த திரை வடிவம் 2023ல் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் தொப்பியைப் படம் பிடித்தார்கள். உள்ளேயிருந்து வந்தவர் பெண்களைப் பேச வைத்தார்.

இத்தனை படங்களிலும் இல்லாத ஊர் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. சத்தீஸ்கரின் தம்தரி. பஞ்சம் வாட்டிய 1899ல் அமெரிக்க மென்னோனைட் ஊழியர்கள் அங்கே வந்தார்கள். அநாதை இல்லம், பள்ளி, 1910ல் ஆஸ்பத்திரி என்று வேர் பிடித்தது. தெலங்கானாவின் மகபூப்நகர் பகுதியிலும் பெரிய சபை உண்டு. 1997 ஜனவரியில் மென்னோனைட் உலக மாநாடு கூடியது கல்கத்தாவில்தான்.

உலகில் ஞானஸ்நானம் பெற்ற மென்னோனைட்டுகளும் அவர்களைச் சார்ந்த சபையினரும் சுமார் 21 லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மையினர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். கனடாவில் இருப்பவர்களைவிட இது அதிகம்.

தம்தரிக்குப் போய் வைக்கோல் தொப்பியைத் தேடினால் கிடைக்காது. புடவை கட்டிய பெண்கள் இந்தியிலும் சத்தீஸ்கரியிலும் ஜெபிப்பதைக் கேட்கலாம். அவர்களும் மென்னோனைட்டுகள்தான்.