கால் நீட்ட ஓர் இடம்

வார இறுதிகளில் ஊர் பார்த்து வருதல் வேண்டும். ஆனால் விடுதி தேடி அலைதல் கூடாது என்னும் ஆசை எமக்கு நெடுநாளாக உண்டு. வானுக்குள்ளே கட்டிலும் அடுப்பும் அமைத்துப் பயணஞ் செய்வோரைக் காணுந்தோறும் எமக்கும் அப்படியொன்று வாய்க்காதா என்று ஏங்கினோம். இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எம் அன்னையார் வெள்ளவத்தை வீட்டை விட்டு வெளியூர் சென்று மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. முழங்கால் வாதத்தினால் அரைமணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டிருக்க அவரால் இயலாது.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வான்களின் விலையும் எம் கைக்கு எட்டாததாயிற்று. 2025 பெப்ரவரியில் தடை தளர்ந்த பின்னரே மீண்டும் தேடத் தொடங்கினோம்.

முதலில் குருநாகலில் ஒரு டொயோட்டா ஹயஸ் வானைக் கண்டோம். பளபளக்கும் பலகை வேலை, குழாய்த் தண்ணீர், குளிர்சாதனப் பெட்டி, பூப்போட்ட திரைச்சீலை! மனத்தைப் பறிகொடுத்து, முற்பணம் எடுக்கச் சட்டைப்பையில் கையையும் இட்டுவிட்டோம். அப்பொழுது இல்லத்தரசியார், "எல்லாம் வடிவாத்தான் இருக்குது. மாமி இதிலை எப்பிடி ஏறுவா?" என்று மெல்லக் கேட்டார்.

அதன் பின்பே எம் கண் திறந்தது. படியோ உயரம், கட்டிலோ அலுமாரிக்கு இடங்கொடுத்துக் குறுகியிருந்தது. எரிவாயுச் சிலிண்டர் கட்டிலின் கீழே இருந்தது. சமையல் வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். அது வெளியேறத் தரையில் ஒரு துவாரந்தானும் இல்லை. ரயரின் பக்கத்தில் 2315 என்ற எண் இருந்தது. 2015 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். மினுக்கத்தில் மயங்கியதை எண்ணி வெட்கத்துடன் திரும்பினோம்.

இரண்டாவது வான் நீர்கொழும்பில் இருந்தது. நிறம் மங்கியது, எனினும் ஆறடிக் கட்டில், வாசலில் மடித்து விரிக்கும் படி, பிடித்து ஏற ஒரு கம்பி. இரவில் விளக்கும் விசிறியும் இயங்கத் தனிப் பற்றரி இருந்தபடியால் காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்காது. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டோம். செய்த மாற்றங்கள் பதிவிலும் காப்புறுதியிலும் ஏறியிருந்தன.

வானைப் பொறுப்பேற்கும் நாளன்று அன்னையாரையும் வாடகைக் காரில் அழைத்துச் சென்றோம். வழியில் இருமுறை நிறுத்த நேர்ந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், அவரை ஏறிப் பார்க்கச் சொன்னோம். கம்பியைப் பற்றி ஏறினார். கட்டிலில் அமர்ந்து இரு கால்களையும் நீட்டினார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இதிலை முன்னேசுவரம் போகலாமோ மோனை?" என்றார்.

தெற்கே வீட்டுக்குத் திரும்பவேண்டிய வண்டி வடக்கே சிலாபம் வீதியில் திரும்பிற்று. ஏறக்குறைய 40 கிலோமீற்றர். நடுவழியில் தென்னஞ்சோலை ஓரமாக நிறுத்தினோம். அரைமணி நேரம் படுத்து எழுந்தார். மாலைப் பூசைக்குச் சந்நிதியில் நின்றபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

வான் வாங்க விரும்புவோர் அதில் என்னென்ன உண்டு என்று பார்ப்பர். யாருக்கு இடமுண்டு என்று முதலிற் பார்த்தல் நன்று. வீடு திரும்பியதும் அன்னையார் கேட்டது ஒன்றே: "அடுத்த சனி எங்கை?"

அதற்கு விடை தேடுவதே இப்பொழுது எம் வீட்டின் வாராந்த வேலை.