சைக்கிளும் தலையிடியும்

எமக்குத் தலையிடி தந்தது சைக்கிள்தான் என்று நாம் நெடுநாள் நம்பியிருந்தோம். அவ்வாறு நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஆனி மாதம் வரையில் நாம் மோட்டார்ச் சைக்கிளிலேயே பாடசாலைக்குப் போய்வந்தோம். அக்காலத்தில் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்த்துச் சென்ற தலையிடி, துவிச்சக்கர வண்டியை மிதிக்கத் தொடங்கிய பின்னர் வாரத்தில் இருமுறை வந்து குந்திக்கொண்டது. இதற்கு மேல் வேறென்ன சாட்சியம் வேண்டும்?

மோட்டார்ச் சைக்கிளை ஏன் கைவிட்டோம் என்பதை இலங்கையில் வாழ்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு தை மாதத்தில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல், ஆனி முடிவில் 470 ரூபாவாயிற்று. அந்த விலையைக் கொடுக்க முன்வந்தோருக்கும் அது கிடைக்கவில்லை. எண்ணெய் நிலையத்து வரிசையில் இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் ‘முடிந்துவிட்டது’ என்ற பலகையைப் பார்த்து வெறுங்கையோடு திரும்பிய ஆசிரியர்களுள் நாமும் ஒருவர். பங்கீட்டு முறை வந்து வரிசை ஒருவாறு ஒழிந்த பின்னரும், சம்பளத்தில் எண்ணெய்க்கென்று ஒதுக்கக்கூடிய பங்கு எதுவும் எஞ்சவில்லை. புதிய சைக்கிள் வாங்கலாமென்றால், அதன் விலையும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே கோடிப்புறத்தில் பாயால் மூடிக்கிடந்த தந்தையாரின் பழைய றலிச் சைக்கிளை வெளியே எடுத்தோம்.

அந்தச் சைக்கிளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் வராதிருந்த பொருளாதாரத் தடைக்காலத்தில், எங்கள் குடும்பத்தின் வாகனம், சுமைவண்டி, மின்நிலையம் எல்லாம் அதுவே. இரவில் அதைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி வாசிக்கும்போதே கை ஓய்ந்துவிட்டால் யார் எங்கே இறந்தார்கள் என்பது பாதியில் நின்றுவிடும். அந்த நாட்களில் எம் தாயார் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டின் இருட்டறையில், வேர்க்கொம்பை உரைத்து நெற்றியிற் பூசி, சேலைத் துண்டால் தலையை இறுகக் கட்டியபடி கிடப்பார். வெளிச்சம் படக்கூடாது, பாத்திரம் உருளக்கூடாது. சுற்றத்தார் சிலர் அவருக்கு ‘வேலைக் கள்ளி’ என்று பெயர் வைத்திருந்தனர். நாமும் சிறுபிள்ளை மனத்தில் அதை அரைவாசி நம்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எம் வீடு யாழ்ப்பாண நகர்ப்புறத்தில், பாடசாலை தீவகத்தில். இடையில் ஏழு கட்டைத் தூரம். பண்ணையைக் கடந்தால் இருமருங்கிலும் பரவைக்கடல்; நடுவிலே நிழல் என்ற சொல்லுக்கே இடமில்லாத தெரு. ஆனியிலும் ஆடியிலும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். காலையில் அது நேரே முகத்தில் அறையும். காற்றுக்குத் தப்ப உடலை முன்னே வளைத்து, தெருவைப் பார்ப்பதற்காகத் தலையை மாத்திரம் மேலே நிமிர்த்தி மிதிக்க வேண்டும். தந்தையார் நெட்டையானவர், அவருக்கென்று வாங்கிய சட்டகத்தில் எம் கை பிடியை எட்டுவதே பெரும்பாடு. பிற்பகலில் அதே காற்று முதுகுப்புறமாக வரும். ‘இனிச் சுகமான ஓட்டம்’ என்று எண்ணுவோம். உண்மை வேறு. காற்றும் நாமும் ஒரே திசையில் ஒரே வேகத்திற் போகும்போது உடலின் மேல் காற்று ஓடுவதில்லை. வியர்வை உலராமல் வழிகிறது. உடற்சூடு உள்ளேயே தங்குகிறது. 1.30 மணிக்குப் பாடசாலை விட்டால், அந்த வெயிலிலேதான் ஆசிரியரும் மாணவரும் வீடு திரும்ப வேண்டும்.

ஆடி மாதத்து ஒரு காலை. பாதித் தெருவில் இடக்கண் பக்கமாக ஏதோ மினுங்கிற்று. கடல்நீரில் வெயில் பட்டுத் தெறிக்கிறது என்று எண்ணினோம். மினுக்கம் வளர்ந்தது. வாளின் பல்லைப் போலக் கோணல் கோணலான ஒளிக்கோடு ஒன்று வளைந்து விரிந்து, அதன் உட்புறத்தில் இருந்த தெரு காணாமற் போயிற்று. கண்ணை மூடினோம், மூடிய கண்ணுக்குள்ளும் அது மினுங்கியது. அப்போதுதான் அது கடலின் மினுக்கம் அன்று என்பது புரிந்தது. அதே கணத்தில், எம் பார்வையில் இல்லாத பக்கத்திலிருந்து பஸ் ஒன்று இரைந்துகொண்டு எம்மை உரசுமாப்போல் கடந்து சென்றது. சைக்கிளைத் தெருவோரத்திற் போட்டுவிட்டு அணைக்கட்டின் கல்லில் அமர்ந்தோம். அரைமணி நேரத்தில் ஒளி மறைந்தது. வலப்பக்க நெற்றியில் சம்மட்டி விழத் தொடங்கியது.

களங்கண்டி பார்த்துவிட்டுக் கரையேறிய கடற்றொழிலாளர் ஒருவர் எம்மைக் கண்டார். நாள்தோறும் அவ்வழியே போகும் எம்மை அவருக்கு முகப்பழக்கம் உண்டு. தம் போத்தலில் இருந்த தண்ணீரை எம் கையில் தந்துவிட்டு, “மாஸ்ரர், இது கபாலக்குத்து. வெறும் வயித்தோடையோ வெளிக்கிட்டனீங்கள்?” என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தோம். பாணின் விலை ஏறிய பின்னர் எம் வீட்டிற் காலையுணவு வெறுந்தேநீராகச் சுருங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு மாத்திரம் ஏதேனும் இருக்கும். பின்னாளில் நாம் பல மருத்துவக் கட்டுரைகளைப் புரட்டினோம். ஆயினும் எம் நோயின் மையத்தை முதலிற் தொட்டது அந்த ஒற்றைக் கேள்விதான்.

அரசாங்க வைத்தியசாலையில் எம்மைப் பார்த்த இளம் பெண் வைத்தியர் முதலிற் கேட்டது வேறொன்று: வலி இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வந்ததா, அன்றிப் படிப்படியாக ஏறியதா என்பது. மிதிக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ வாழ்க்கையில் முன்னொருபோதும் இல்லாத கடுந்தலையிடி திடீரென வெடித்தால் அது மூளையைச் சுற்றிய இரத்தப்பெருக்காக இருக்கலாம். அதற்குப் பற்றும் குளிசையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்றார். இதை வாசிக்கும் நண்பர்களும் நினைவில் வைத்துக்கொள்க. எமக்கு வந்தது அதுவன்று. ஒற்றைத் தலையிடி, அதிலும் ஒளிக்கோலத்தை முன்னே அனுப்பிவிட்டு வரும் வகை. குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா என்று அவர் வினவியபோது, இருட்டறையும் வேர்க்கொம்பின் மணமும் நினைவுக்கு வந்தன. இந்நோய் குடும்பவழி வருவது. ஆண்களிலும் பெண்களை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகப் பீடிப்பது. தாயாரிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

அந்த ஒளிக்கோலத்தைப் பற்றி ஒரு செய்தி. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலறிஞருக்கும் இந்நோய் இருந்தது. அவர் தமக்கு வந்த கோலங்களைக் கணந்தோறும் தாளில் வரைந்து, அவை விரியும் வேகத்தைக் கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீற்றர் வீதம் ஊர்ந்து செல்கிறது என்று 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில் நாட்டு அறிஞர் லெயோ, முயல்களின் மூளையில் அத்தகைய மெல்லிய அலை ஒன்றைக் கண்டறிந்தார். அலை கடந்த இடத்தில் நரம்பணுக்கள் ஒருமுறை கிளர்ந்து, பின் சிறிதுநேரம் அடங்கிவிடுகின்றன. இரத்தக்குழாய்கள் விரிவதே நோயின் மூலம் என்று ஒருகாலத்திற் கருதினர். இன்று அதை மூளை நரம்புகளின் நோயாகவே கொள்கின்றனர். நோயாளர்களின் நரம்புகள் மாற்றத்தைப் பொறுக்கமாட்டா: பசி, தாகம், தூக்கக்குறைவு, கண்கூசும் ஒளி, வெப்பம், திடீர் உழைப்பு. இவற்றுள் ஒன்று வந்தாற் தாங்கும். நான்கு சேர்ந்து வந்தால் தாங்காது. கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் நெற்றிக்கு உணர்வு தரும் பெருநரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்திற் சந்திப்பதால், வளைந்த கழுத்தின் நோவும் அந்தக் கணக்கிற் சேர்ந்துவிடுகிறது.

வைத்தியர் ஒரு வேலை தந்தார். எந்நாள், எந்நேரம், என்ன உண்டோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம், எத்தனை மணி தூங்கினோம், எத்தனை குளிசை போட்டோம் என்று எழுதி வருமாறு கூறினார். பழைய பாடக்குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதினோம். இரண்டு மாதத்தில் தலையிடி வந்த நாட்கள் 11. அவற்றுள் 9 நாட்களில் காலையுணவு இல்லை. நேரம் பிந்தி விரைந்து மிதித்த நாட்கள் 6. பனடோல் போட்ட நாட்களோ அதிலும் எத்தனையோ மடங்கு: வலி வரும் என்ற பயத்தில் தெருவில் இறங்குமுன்னரே இரண்டு குளிசை விழுங்கும் பழக்கம் எம்மைப் பிடித்திருந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இவ்வாறு மாதக்கணக்காக விழுங்கினால், குளிசையே தலையிடியை உண்டாக்கும் என்று அவர் எச்சரித்தார். ஆசிரியர் அறைகளில் மேசைக்கு மேசை அந்த வெள்ளை அட்டை கிடப்பதை நாம் அறிவோம்.

“சைக்கிளை விட்டுவிடவா?” என்று கேட்டோம். “வேண்டாம்” என்றார். 2011இல் சுவீடனின் கொதன்பேர்க் நகரில் நடந்த ஆய்வொன்றைப் பற்றிச் சொன்னார். ஒற்றைத் தலையிடிக்காரர் சிலரை வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், நிலையான சைக்கிளில் மிதிக்க வைத்தனர். வேறு சிலருக்குத் தடுப்பு மருந்து கொடுத்தனர். இன்னுஞ் சிலருக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி தந்தனர். மூன்று கூட்டத்தாருக்கும் தலையிடி ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தது. அதாவது சைக்கிள் மிதிப்பதே மருந்து!

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தோம். அதே மிதி, அதே கால். அங்கே மருந்தாவது இங்கே எப்படி நஞ்சாயிற்று? அங்கே மிதித்தவர் உண்டிருந்தார், தண்ணீர் குடித்திருந்தார், கூரையின் கீழ், தம் உயரத்துக்கேற்ற ஆசனத்தில், உடலை மெல்லச் சூடாக்கிக்கொண்டு மிதித்தார், பஸ்ஸுக்கு அஞ்சவில்லை, கையொப்பப் புத்தகத்திற் சிவப்புக்கோடு விழுமே என்று அஞ்சவுமில்லை. எம் தலைக்குள் இடித்தது சைக்கிள் அன்று.

இந்த இடத்தில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்தாந் தரம். தாயார் வாடியில் மீன் பிரிக்கும் கூலித்தொழிலாளி. தமையனின் பெரிய சைக்கிளில், ஆசனத்தில் அமர எட்டாமல் நின்றவாறே மிதித்து, ஐந்து கட்டைக்கு அப்பாலிருந்து வருவாள். கடைசி இரண்டு பாடங்களிலும் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவாள். “தலையிடி சேர்” என்பாள். கணக்குப் பாடம் என்றாலே அவளுக்குத் தலையிடி என்று ஆசிரியர் அறையில் நகையாடுவோம். அவ்வாண்டு வைகாசியில் ஒருநாள், பொறுமை இழந்து, அவளை எழுப்பி விறாந்தையின் ஓரத்தில் நிறுத்தினோம். ஓரத்தில் வெயில் இருந்தது. அது எமக்குத் தெரியும்.

குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில், அந்த வெயிலையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதவில்லை. மறுநாள் சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னோம். அவர் அந்தப் பிள்ளையை அழைத்துத் தனியே பேசினார். காலையில் அவள் உண்பதில்லை என்பதை நாம் எதிர்பார்த்தோம், மற்றதை எதிர்பார்க்கவில்லை. அவள் பாடசாலைக்கு வந்து வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடம் போக வேண்டும். பெண்பிள்ளைகளின் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. முன்பு யாரோ குழாயை உடைத்துவிட்டார்களாம். திறப்பு அலுவலகத்தில், எழுதுவினைஞரின் கதிரைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. ஆண்கள் நிறைந்த அந்த அறைக்குள் வந்து திறப்பைக் கேட்க எந்தப் பிள்ளை துணிவாள்? அவள் மட்டுமன்று, அவ்வகுப்புப் பெண்பிள்ளைகளுட் பாதிப்பேருக்கு அதே வழக்கம். ஏழாண்டுகள் அப்பாடசாலையிற் கற்பித்தோம். அந்த ஆணியை நாளும் கண்டோம்.

ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுத்தபோது, “நாங்கள் படிக்கேக்கை கக்கூசே இருக்கேல்லை” என்றார் ஒரு மூத்தவர். இன்னொருவர், தீவகத்துக் கிணறுகள் உவர்; குடிநீரே பவுசரில் வருகிறது; கழுவ எங்கே போவது என்றார். அது பொய்யன்று. அதிபர் கெட்டவரல்லர், கடிதம் எழுதுவோம் என்றார், எழுதினார். பதிலுக்குக் காத்திராமல், திறப்பை ஆசிரியைகளின் அறைக்கு மாற்றுவது, குழாயைப் பெற்றோரில் ஒருவரான மேசன் திருத்துவது, முதற் பாடத்துக்குப்பின் எல்லோரும் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் விடுவது என்பவற்றை மாத்திரம் முடிவு செய்தோம். காலையுணவுக்கு ஒரு வழியும் காணவில்லை. சில நாட்களில் ஆசிரியைகள் கொண்டுவந்த பாணையும் சம்பலையும் பகிர்ந்தனர். அது எத்தனை நாளைக்கு?

எம் தலையிடி ஒழிந்துவிடவில்லை. ஆசனத்தை முன்னே தள்ளி, பிடியை உயர்த்தினோம். முன்னிரவிற் சோற்றை நீரூற்றி வைத்துக் காலையிற் பழஞ்சோறு உண்கிறோம். முதற் கட்டைத் தூரத்தை மெதுவாகவே மிதிக்கிறோம். மாதத்தில் ஒன்றிரண்டு முறை அது வருகிறது. வந்தால் இறங்கி அமர்கிறோம். அந்தப் பிள்ளை கடைசிப் பாடங்களில் விழித்திருக்கத் தொடங்கினாள். கணக்கு அப்போதும் அவளுக்கு வரவில்லை. அவளிடம் எம் தவற்றை ஒருநாள் சொன்னோம். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “பரவாயில்லை சேர்” என்றாள். வேறென்ன சொல்வாள்?

2023 தை மாதத் தொடக்கத்தில் விடுமுறை கழிந்து போனபோது, திறப்பு பழையபடி எழுதுவினைஞரின் கதிரைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஆசிரியை அதை எடுத்துச் சென்றார். மறுநாள் அது மறுபடியும் அங்கேயே கிடந்தது. அதற்கு மறுநாட் காலை அவர் வீட்டிலிருந்து ஒரு குறட்டைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்த்திருக்க, அந்த ஆணியைப் பிடுங்கினார்.