அளவுக்கேற்ற ஆட்டம்

உவகை பிறக்கும் நிலைக்களன்கள் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று விளையாட்டு. செல்வத்துக்கும் அறிவுக்கும் நிகராக விளையாட்டை வைத்து எண்ணிய மொழியில், பிள்ளையை ஒரு விளையாட்டில் சேர்ப்பது மட்டும் ஏனோ உவகையற்ற காரியமாகிவிட்டது. கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் கிடைக்குமா, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் உண்டா என்ற கேள்விகளே முந்திக்கொள்கின்றன. பிள்ளை வயதுக்குச் சற்றுச் சிறிய உருவமாக இருந்துவிட்டால் மற்றொரு கேள்வியும் சேர்கிறது: இந்த உடம்பை வைத்துக்கொண்டு எதை ஆட முடியும்?

எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். காலை வழிபாட்டில் உயரப்படி நிற்கும் வரிசையில் எப்போதும் அவளே முதலாவது. குழந்தை மருத்துவர் அவளுடைய வளர்ச்சி வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஆண்டுதோறும் தன் கோட்டிலேயே சீராக வளர்ந்து வருகிறாள். உயரம் குறைவாக இருப்பதைக் காட்டிலும், வளரும் வேகம் திடீரென்று தளர்வதே கவனிக்க வேண்டியது என்றார். பூப்பை ஒட்டிய வளர்ச்சி சிலருக்கு முந்தியும் சிலருக்குப் பிந்தியும் வருவதால், இந்த வயதில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கிடையே தெரியும் வேறுபாடு அப்படியே நிலைப்பதில்லை என்றும் விளக்கினார். நாங்கள் இருவருமே உயரமானவர்கள் அல்லர் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உறவினர்களுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "கூடைப்பந்தில் சேர்த்துவிடுங்கள், மளமளவென்று வளர்ந்துவிடுவாள்" என்றார்கள். கூடைப்பந்து ஆடியதால் அவர்கள் உயர்ந்தார்கள் என்பதைவிட, உயரமாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதே உண்மை. பனை ஏறுகிறவர் பனையளவு வளர்வதில்லை. 160 செ.மீ. உயரமே கொண்ட மக்சி போக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ. அரங்கில் 1987 முதல் 2001 வரை ஆடினார். அத்தனை ஆண்டுகள் ஆடியும் அவர் உயரம் அதுவேதான். வேறு சிலர் சதுரங்கத்தைச் சொன்னார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் எங்கள் மகளோ ஓட விரும்புகிறவள்.

உருவம் சிறியோருக்கு இடமுள்ள ஆட்டங்கள் குறைவல்ல. பளுதூக்குதல், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றில் எடைப் பிரிவுகள் உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸில் சிறிய உருவமே ஒரு வசதி. சிமோன் பைல்ஸின் உயரம் 142 செ.மீ. அளவில்தான். இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடத்துக்கு மகளை அழைத்துச் சென்றோம். பயிற்றுநர் அவளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எங்கள் உயரத்தையும் கேட்டறிந்து மகிழ்ந்தார். "நல்ல உடம்பு. இப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரிச் சோறு மட்டும் நிறுத்திவிடுங்கள்" என்றார்.

பதினொரு வயதுக் குழந்தையை "இப்படியே" எவ்வாறு வைத்துக்கொள்வது? வளர வேண்டிய காலத்தில் வளராதிருப்பதைத் தகுதியாக்கினால், அவள் வளரும் ஒவ்வொரு அங்குலமும் குற்றமாகிவிடாதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்குமுன் வினேஷ் போகத்தின் எடை 100 கிராம் கூடியிருந்ததால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முந்தைய இரவு முழுதும் எடையைக் குறைக்கப் போராடியவர் அவர். முதிர்ந்த வீராங்கனையே படும் பாடு அது. அதன் நிழல்கூட ஒரு சிறுமியின் சோற்றுத் தட்டில் விழலாகாது. அன்றே அங்கிருந்து திரும்பிவிட்டோம். அந்த ஆட்டத்தின்மீது எங்களுக்குக் குறையில்லை. குழந்தையின் உணவில் கைவைக்காத பயிற்றுநர்களும் இருப்பார்கள்.

ஆக, எங்கள் அளவுகோல் இரண்டாயிற்று: உயரமாக்குவேன் என்று வாக்களிக்கும் ஆட்டம் வேண்டாம், சிறியவளாகவே இரு என்று கேட்கும் ஆட்டமும் வேண்டாம். மிச்சத்தை அவளே முடிவு செய்தாள். பள்ளித் திடலில் நடக்கும் கோ-கோ அவளுக்குப் பிடித்திருந்தது.

அருகிலிருந்து பார்த்த பிறகே அந்த ஆட்டத்தின் நுட்பம் எங்களுக்குப் பிடிபட்டது. எட்டுப் பேர் ஒரே கோட்டில் எதிரெதிர்த் திசை நோக்கி அமர்ந்திருக்க, ஒருவர் துரத்துகிறார். துரத்துகிறவர் நடுக்கோட்டைக் கடக்கலாகாது. திசை மாறவும் கூடாது. ஓடுகிறவருக்கோ இரண்டுக்கும் தடையில்லை. அமர்ந்திருப்போரின் இடைவெளிகளில் புகுந்து புறப்பட்டு, ஊசியில் பூக்கோப்பதுபோல் ஓடலாம். குனிந்து நழுவச் சிறிய உடல் உதவுகிறது. நாளை அவள் வளர்ந்தாலும் நட்டமில்லை. நீண்ட கை துரத்துவதற்குப் பயன்படும். செலவென்று பார்த்தால் ஒரு சோடிக் காலணிதான். 2025 சனவரியில் புதுதில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையில் இந்திய மகளிர் அணியும் ஆடவர் அணியும் வென்றன. அதைக் காட்டியும் உறவினர் வாயை ஓரளவு அடைத்தோம்.

பள்ளி அணியின் பன்னிருவரில் அவள் இன்னும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார். அவள் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு முழங்காலில் மண்ணோடு வந்து, யாரை எப்படி ஏமாற்றி ஓடினாள் என்பதை மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு கேட்கிறாள்.