ஒற்றியூரில் ஒரு தரகர்

திருவொற்றியூர் என்னும் பெயரிலேயே ஒற்றி இருக்கிறது. நிலத்தையோ வீட்டையோ ஒருவர் கையில் ஒப்படைத்துப் பணம் பெறுவதும், பணம் திரும்பும்வரை பணம் தந்தவர் அதன் பயனை அனுபவிப்பதும் ஒற்றி. வள்ளலார் இந்த ஊரின் இறைவனைப் பாடும்போது சொல்லின் இரு பொருளையும் வைத்து விளையாடியிருப்பதை, வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி மாணவரைச் சிரிக்க வைத்திருக்கிறோம். ஒற்றி இன்னும் ஒழிந்துவிடவில்லை. வடசென்னைத் தெருக்களில் மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்களே, அதுவும் ஒற்றியின் வழிவந்ததுதான். பத்திரத்தில் அதைப் போக்கியம் என்று எழுதுவார்கள். பேச்சில் அது லீஸ்.

இந்த விளக்கத்தை நமக்குத் தந்தவர் நம்மிடம் முதுகலைத் தமிழ் படித்த ஒரு மாணவர். இப்போது காலடிப்பேட்டைப் பக்கம் வீட்டுமனைத் தரகராக இருக்கிறார். காலடிப்பேட்டை என்பது யாருடைய காலடியும் அன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு, காலெட்பேட்டை, மக்கள் வாயில் தேய்ந்து இப்படி ஆனது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தானாம். "கதை கேட்டவங்க வீடு பிடிக்கலைன்னாலும் திரும்ப வருவாங்க ஐயா" என்பார்.

முதுகலை படித்தவர் புரோக்கராகிவிட்டாரே என்று நம் துறையில் சிலர் அங்கலாய்ப்பதுண்டு. நமக்கு அதில் உடன்பாடு இருந்ததே இல்லை. சென்னையே ஒரு நில பேரத்தில் பிறந்த ஊர். 1639இல் பிரான்சிஸ் டேக்கும் நாயக்கர்களுக்கும் இடையே நின்று கடலோர மணல் துண்டொன்றைப் பேசி முடிக்கத் துணைநின்றவர் பேரி திம்மப்பா என்னும் துபாஷி. இரண்டு மொழி தெரிந்து, இரண்டு பக்கமும் நம்பும்படி பேசத் தெரிந்தவர்தானே துபாஷி? தரகும் அதுதான். ஒற்றியூர்க் கோயிலிலேயே ஒரு தரகு நடந்திருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரருக்குச் சங்கிலியாரைப் பேசி முடிக்கிறார் சிவபெருமான். சன்னதியில் செய்யும் சத்தியம் தம்மைக் கட்டுப்படுத்தாதிருக்க, அந்நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் ரகசியமாய்க் கேட்கிறார்; பெருமானும் சம்மதிக்கிறார். பிறகு சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே கேள் என்கிறார். இரு தரப்பிடமும் பேசிய இந்தத் தரகரைப் பற்றி நம் மாணவருக்கு ஒரு கருத்து உண்டு: "கமிஷன் வாங்காத புரோக்கரை நம்பக் கூடாதுங்க ஐயா." (சேக்கிழார் மன்னிப்பாராக.)

அவர் இத்தொழிலுக்கு வந்தது 2013இல். தந்தையார் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த நாளில், ஒரு மூத்த தரகருக்குச் சாவி தூக்கும் பையனாகச் சேர்ந்தார். வாடகை வீடு காட்டினால் ஒரு மாத வாடகை தரகு. அதில் இவருக்குக் கால் பங்கு. மனை விற்பனையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும் என்பதால் எல்லாரும் மனைப் பக்கமே ஓடிய காலம் அது. பிறகு 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மனையை மட்டும் நம்பியிருந்த பலர் ஆட்டோவுக்கும் கடைக்கும் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தபோது, யாருடைய மனை எந்த நிலையில் இருக்கிறது என்று காகிதம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை இருந்தது. இவருக்குக் காகிதம் படிக்கத் தெரிந்திருந்தது.

இதை நாம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்வெட்டியல் தாளில் நிலதானக் கல்வெட்டுகளைப் பாடமாக வைக்கிறோம். கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை, மேல்பால் எல்லை, வடபால் எல்லை என்று நான்கையும் சொல்லாமல் சோழர் கால நிலம் கைமாறாது. மாணவர்களுக்குத் தூக்கம் வரும் இடம் அது. ஆனால் இன்றைய கிரயப் பத்திரத்தின் சக்குபந்தி அதே நான்கெல்லைதான். பழைய பத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, எந்த ஆண்டில் எந்த எல்லை மாறியது என்று பாடபேதம் பார்ப்பதுபோல் பார்ப்பது அவர் வழக்கம். 1960களின் பத்திரத்தில் தெற்கே பொதுக் கிணறு. 1980களில் தெற்கே காலி இடம். இப்போது தெற்கே ஒருவருடைய மாடி வீடு. கிணற்றை யார் விற்றார்கள்? வில்லங்கச் சான்று இதைச் சொல்லாது. பதிவானதை மட்டுமே அது காட்டும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாய்ப் பாகம் பிரித்துக் கொண்டது அதில் வராது. கோயிலுக்குரிய மனையில் தலைமுறையாகக் குடியிருப்பவர் கட்டடத்தை மட்டும் விற்கிறேன் என்பார். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலம் கைமாறவே முடியாது. இத்தகைய வீடுகளை இவர் தொடுவதில்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 2017 முதல் பதிவுபெற்ற திட்டங்களை விற்கும் முகவர்களும் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாவிட்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் வடசென்னையில் கைமாறுவதில் பெரும்பகுதி பழைய வீடு, பழைய அடுக்கக வீடு, வாடகை, லீஸ். அங்கே சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. தரகரின் நாணயம்தான் சட்டம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. "ராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்தது, நமக்கு இப்போதுதான் வந்திருக்கிறது" என்று இவர் சொல்வார். தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையம் ராயபுரம் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. விம்கோ தீப்பெட்டிக்குப் பேர் போன இடம் இப்போது ரயில் நிலையத்தின் பெயராக விளம்பரத் தட்டிகளில் தொங்குகிறது. மாணவர் இரண்டாவது அலுவலகம் திறந்தது அதற்குப் பிறகுதான்.

நாம் அவரிடம் போனது 2024இல். வருங்கால வைப்பு நிதியில் எடுக்கக் கூடியதும் வீட்டிலிருந்த நகையும் சேர்த்துக் கையில் ஒரு தொகை. முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு போக மிஞ்சுவதில் வாங்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் ஒரு மனை, விலை நம் எல்லைக்குள் வந்தது. பட்டா சுத்தம், வில்லங்கம் இல்லை. மூலப்பத்திரத்தில் கிழக்கெல்லை, வலை உலர்த்தும் மணல்வெளி. மாணவர் நம்மை அங்கே அழைத்துப்போய் மணல்வெளியைக் காட்டச் சொன்னார். சாலை இருந்தது, சாலைக்கு அப்பால் கருங்கல் குவியல், அதன்மேல் அலை. துறைமுகச் சுவர் மணலின் வடதிசை ஓட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே கரை கரைந்ததும் புத்தகத்தில் படித்ததுதான். பத்திரத்தின் ஒரு வரியில் அதைப் பார்ப்பது வேறு.

"2023 டிசம்பரை மறந்துடாதீங்க ஐயா" என்றார். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடியது, எல்லாம் சொன்னார். முடிவாக, வேண்டாம் என்றார். அவருக்குக் கிடைக்க இருந்த தரகு போயிற்று.

விற்க வந்தவர் ஒரு மீனவக் குடும்பத்து மூதாட்டி. பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. மாணவரைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர். விலை முறிந்த செய்தி கேட்டு, நாம் நிற்கும்போதே வாசலில் வந்து கத்தினார்.

"ஏண்டா, எங்க ஊரை நீயே கொறச்சுப் பேசினா எவன்டா வாங்குவான்? கம்பெனிக்காரன் பண்ணதுக்கு எங்க மனை வெலை எறங்கணுமா?"

"ஆயா, நான் சொல்லலைன்னாலும் கடல் சொல்லிடும் ஆயா."

"கடலு எங்களுக்குத் தெரியாததா? நீ வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?"

அவரிடம் பதில் இல்லை. நமக்கும் இல்லை. வாங்குபவருக்கு உண்மை சொன்னால் விற்பவருக்கு நட்டம். இரண்டு பேருமே அவருடைய ஆட்கள். புகையும் கசிவும் யாரால் வந்ததோ அவர்கள் அந்த வாசலில் இல்லை.

நாம் இன்னும் வீடு வாங்கவில்லை. தேரடி அருகே ஒரு பழைய அடுக்ககத்தில் வீடொன்றைப் பார்த்திருக்கிறோம். பிரிக்கப்படாத பாகத்தின் அளவில் ஒரு கணக்கு இடிக்கிறது என்று மாணவர் காகிதத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். மூதாட்டியின் மனையும் விற்கவில்லை. பேத்தியின் முதலாண்டுக் கட்டணத்துக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் மாடி அறையை லீசுக்கு விட ஆள் பிடித்துக் கொடுத்தார் மாணவர். தரகு கேட்கவில்லையாம். மூதாட்டி மறுநாளே ஒரு மாத வாடகைக்கு ஈடான பணத்தை எண்ணி, பேத்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். தாம் வரவில்லை.