பட்டறையில் வெங்காயம், டெல்லியில் கணக்கு

அக்டோபர் 2020. மகாராஷ்டிரத்தில் லாசல்காவ் சந்தைக்குப் பக்கத்துக் கிராமம். அந்த விவசாயி வெங்காயப் பட்டறையின் மூங்கில் தட்டியை விலக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஏப்ரலில் அறுவடையான சரக்கு. ஆறு மாதத்தில் ஒரு பங்கு அழுகியும் முளைத்தும் போயிருந்தது. மிச்சத்துக்கு நல்ல விலை கிடைக்கும் நேரம். ஆனால் சந்தையில் வியாபாரிகள் ஏலம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காரணம், அக்டோபர் 23 அன்று மத்திய அரசு போட்ட இருப்பு உச்சவரம்பு. மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன். விவசாயிக்கு வரம்பு கிடையாது. அவர் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அழுகும்வரை!

இத்தனைக்கும், இனி இப்படி நடக்காது என்று அவர் கேள்விப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1955-ம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைச் செப்டம்பரில்தான் திருத்தியிருந்தார்கள். காய்கனியின் சில்லறை விலை 100 சதவீதம் ஏறினால்தான் உச்சவரம்பு. ஒப்பிட வேண்டியது முந்தைய 12 மாத விலையோடு அல்லது ஐந்தாண்டுச் சராசரியோடு. இரண்டில் எது குறைவோ அது.

நாடெங்கும் தினசரி விலை சேகரிக்கும் நுகர்வோர் விவகாரத் துறை கணக்குப் போட்டது. முந்தைய ஆண்டைவிட ஏற்றம் சுமார் 22 சதவீதம். ஐந்தாண்டுச் சராசரியைவிட 115 சதவீதம். சட்டம் சொன்னபடியே நடந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சராசரிக்குள் வெங்காயம் சீரழிந்த காலமும் இருந்தது. 2018 இறுதியில் நாசிக் மாவட்ட விவசாயி ஒருவர் 750 கிலோ விற்றுக் கிடைத்த 1,064 ரூபாயை அப்படியே பிரதமருக்கு அனுப்பிவைத்தார். அன்றைய நஷ்டம்தான் இன்றைய விலையை அநியாய விலையாகக் காட்டியது.

அவருடைய சந்தேகம் வேறு இடத்தில். ஏலத்தில் வாங்குகிறவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறார்களோ? 2010 இறுதியில் விலை எகிறியபின் இந்தியப் போட்டி ஆணையமே இந்தச் சந்தைகளை ஆராயச் சொன்னது. சில பெரிய வியாபாரிகளின் கைதான் ஓங்கியிருக்கிறது என்று 2012-ல் அறிக்கை வந்தது. ஆனால் போட்டிச் சட்டத்தில் ஒரே மாதிரி விலை கேட்டார்கள் என்பது மட்டும் போதாது, உடன்பாடு இருந்ததென்று காட்ட வேண்டும். சோதனை போட மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டும். இருப்பு உச்சவரம்பு என்றால் அதிகாரி கிடங்கைத் திறந்து மூட்டையை எண்ணினால் முடிந்தது. அரசுக்கு எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் திருத்தம் 2021 இறுதியில் மற்ற இரு வேளாண் சட்டங்களோடு ரத்தானது. 100 சதவீதக் கணக்கும் அதோடு போயிற்று. எப்போது தலையிடுவது என்பது மறுபடியும் அரசின் யோசனைக்கே வந்தது.

2020-ல் சில நாட்களுக்குப் பிறகு ஏலம் திரும்பத் தொடங்கியது. அவர் டிராக்டரில் ஏற்றியபோது பட்டறையின் அடித்தட்டு இன்னும் கொஞ்சம் ஈரமாகியிருந்தது.