பொழுதுபோக்கா, தொழிலா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் இருந்த அதே பொறுமையோடு படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் பரிசோதனைத் திரைப்படங்கள் எடுக்கிறார். அவர் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. கதை, பாட்டு, சண்டை என்று நாம் எதிர்பார்க்கும் எதுவும் அந்தப் படங்களில் இருக்காது. காட்சி, ஒலி, நேரம் மூன்றையும் வைத்து வேறு என்ன செய்ய முடியும் என்று பார்க்கிற முயற்சி அது. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிறார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் உட்கார்ந்து தம் படங்களைத் தொகுக்கிறார்.

இவருக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். அவருடைய அம்மா என்னைத் தேடி வந்தார். "ஐயா, பையன் என்ன பண்றான்னு பொண்ணு வீட்டுல கேட்டாங்க. கல்யாண வீடியோன்னு நான் சொன்னேன். சரின்னுட்டாங்க. இவன் நடுவுல புகுந்து, அது பொழப்பு, என் தொழில் வேறங்குறான். காசே வராதது எப்படிங்கய்யா தொழிலாகும்? அது பொழுதுபோக்குதானே? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

முதலில் படத்தைப் பார்க்கிறேன் என்றேன். 11 நிமிடம். ஒரு கண்மாய். தை முதல் ஆனி வரை வாரம் ஒருநாள், விடியும் நேரத்தில், கேமராவை ஒரே இடத்தில் வைத்து எடுத்திருக்கிறார். முதல் இரண்டு நிமிடம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிறகு தண்ணீர் பின்வாங்குவது கண்ணில் பட்டது. மூழ்கிக் கிடந்த ஒரு கல் மெல்லத் தலை நீட்டியது. அடுத்த வாரம் அதன்மேல் ஒரு கொக்கு. கடைசியில் பாளம் பாளமாக வெடித்த மண். ஆனால் அப்போதும் காதில் விழுவது தண்ணீர் நிறைந்திருந்த தை மாதத்துத் தவளைச் சத்தம். படம் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

பொழுதுபோக்கு என்றால் பொழுதைப் போக்குவது. இவர் வாரா வாரம் பொழுதைச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தச் சொல் இதற்குப் பொருந்தாது.

சரி, தொழிலா? தொழிற்பெயர் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். படித்தல், உழுதல், ஆடல், பாடல். ஒரு செயலுக்குப் பெயராக வருவது தொழிற்பெயர். அதற்குக் கூலி உண்டா என்று எந்த இலக்கணமும் கேட்பதில்லை. தமிழில் தொழில் என்றால் முதலில் செயல்தான். வருமானம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். வருமானத்துக்கென்று 'பிழைப்பு' என்ற நல்ல சொல் தனியாகவே இருக்கிறது.

சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. மதுரைக் கணக்காயனார் என்னைப் போல வாத்தியார். பிழைப்பு பெயரிலேயே இருக்கிறது. அதற்காக அவர்கள் பாட்டெழுதியது பொழுதுபோக்கு என்று யாராவது சொல்வோமா?

இந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்வதற்காகப் பரிசோதனைப் படக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் மாயா டெரன் என்று ஒரு பெண்மணி. 1943-இல் கணவருடன் சேர்ந்து தங்கள் வீட்டையே களமாக்கி, தாங்களே நடித்து, 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். ஹாலிவுட் இருக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான். படத்தை வாங்கிப் போட ஆள் இல்லாதபோது, 1946-இல் நியூயார்க்கில் தாமே ஒரு நாடக அரங்கை வாடகைக்குப் பிடித்துத் திரையிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், கட்டுரைகள் எழுதினார். அதே ஆண்டு குகன்ஹைம் நல்கையும் கிடைத்தது. இருந்தும் பணக்கஷ்டம் அவரை விடவில்லை. 1961-இல் 44 வயதில் இறந்துபோனார். 'அமெச்சூர்' என்று யாரும் இளக்காரமாகச் சொன்னால் அவர் கூசவில்லை. அந்தச் சொல்லின் லத்தீன் வேர் 'நேசிப்பவர்' என்பதை எடுத்துக்காட்டி, முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லாத சுதந்திரமே அமெச்சூரின் பலம் என்று வாதாடினார்.

இன்னொருவர் ஸ்டான் பிராக்கேஜ். 1963-இல் கையில் காசில்லாத நேரத்தில், கேமராவே இல்லாமல் ஒரு படம் செய்தார். செத்த விட்டில்பூச்சிகளின் இறகுகளையும் இலைகளையும் ஒட்டுநாடாக்களுக்கு நடுவில் பதித்து, அதையே படச்சுருளாக்கிவிட்டார். வாழ்நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் செய்த அவர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார்.

நம் நாட்டில் இதற்கு மாதச் சம்பளம் கிடைத்த காலமும் உண்டு. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் குறும்படங்கள் போடுவார்களே, அங்கே பணியாற்றிய பிரமோத் பதி 1968-இல் 'எக்ஸ்புளோரர்' என்ற பரிசோதனைப் படத்தை எடுத்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் நண்பர்களோடு ஒடெஸா என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராக மக்களிடம் நிதி திரட்டி 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்.

ஒருவருக்குச் சம்பளம், ஒருவருக்கு நல்கை, ஒருவருக்கு வாத்தியார் வேலை, ஒருவருக்கு ஊர்ப்பணம். பிழைப்பு நாலு விதம். தொழில் ஒன்றுதான்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பெண் வீட்டில் இரண்டையும் சொல்லிவிடுங்கள் அம்மா. வருமானம் கல்யாண வீடியோவில். மனசு இந்தப் படத்தில். மறைத்துக் கல்யாணம் முடித்தால், வருகிற முதல் ஆடியிலேயே சண்டை வரும்" என்றேன். அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. தாய்க்கு அவர் கவலை. அதைக் குறைசொல்ல நான் யார்?

அந்த மாணவருக்கும், அவரைப் போல வரவில்லாத ஒன்றை விடாமல் செய்கிற மற்றவர்களுக்கும் என் வார்த்தை இது. பிழைப்பை அலட்சியம் செய்யாதீர்கள். அம்மா நகையை அடகு வைத்துப் படம் எடுக்காதீர்கள். அதே சமயம், தொழில் என்று வாயால் சொன்னால் போதாது. எடுத்ததை முடிக்க வேண்டும், நாலு பேருக்குக் காட்ட வேண்டும், அடுத்ததைத் தொடங்க வேண்டும். டெரன் அரங்கு பிடித்தது அதற்காகத்தான். இதைச் செய்யாதவருக்கு லட்ச ரூபாய் கேமராவும் விளையாட்டுச் சாமான்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எவ்வளவு வருது?" என்று கேளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. கூடவே, "போன வருஷம் என்ன முடிச்சே? எனக்குக் காட்டு" என்றும் கேளுங்கள். காட்டும்போது செல்போனை எடுத்து வைத்துவிட்டு, 11 நிமிடம் முழுதாக உட்கார்ந்து பாருங்கள்.

உங்களில் யார் யார் இப்படிச் சம்பளமில்லாத தொழில் ஒன்றை வைத்திருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா