ஸஜ்தாவிலும் நழுவாத அமானிதம்



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை அடுத்து வாழும் நம் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். நாள்தோறும் இடுப்பில் அணிய எந்தக் கைத்துப்பாக்கி உறுத்தாமல் இருக்கும், எந்த உறை அதை வெளியே தெரியாமல் மறைக்கும் என்பதே அக்கேள்வி. பிள்ளைகளுக்கு அலிஃப், பா கற்பிக்கும் ஒருவரிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜும்ஆ நேரத்தில் ஆயுதத்துடன் காவலிருக்க நம் பள்ளிவாசல் நிர்வாகம் மூவரைத் தேர்ந்தெடுத்தது. அம்மூவரில் நாமும் ஒருவர். ஆகவே, உறை வாங்கிய அனுபவத்தையும் அதனோடு சேர்ந்து வந்த மார்க்கக் கேள்விகளையும் இங்கே எழுதுகிறோம்.

இந்த ஏற்பாட்டின் பின்னணியை வாசகர்கள் அறிவீர்கள். 2017 ஜனவரி 29 அன்று கனடாவின் கியூபெக் நகரில் தொழுது முடித்தவர்களில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாயினர். நம் பக்கத்து ஊர்களிலும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 2019 டிசம்பர் 29 அன்று வைட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் தேவாலயத்தில் ஒருவன் இருவரைச் சுட்டுக் கொன்றான். ஏறத்தாழ ஆறே வினாடிகளில் அச்சபையின் தன்னார்வக் காவலர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். 2022 ஜனவரி 15 அன்று கோலிவில் ஊரின் யூத ஆலயத்தில் நால்வர் பிணை பிடிக்கப்பட்டனர். பிடித்தவன் முஸ்லிம் பெயர் தாங்கியவன் என்பது நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்த செய்தி. பல மணி நேரத்துக்குப் பின் அங்கிருந்த ரப்பி ஒரு நாற்காலியைத் தூக்கி அவன்மேல் எறிந்துவிட்டு, மற்றவர்களுடன் தப்பி வெளியேறினார். ஓரிடத்தில் உயிர்களைக் காத்தது துப்பாக்கி. மற்றோரிடத்தில் நிதானமும் ஒரு நாற்காலியும். இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

கடைக்குப் போகும் முன் சட்டத்தை அறிந்துகொள்வது கடமை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை அணிந்து செல்லலாம். எனினும் நாங்கள் உரிமம் பெறும் வழியையே தேர்ந்தோம். அதற்கு வகுப்பில் அமர்ந்து சட்டம் படித்து எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். 3, 7, 15 கெஜ தூரங்களிலிருந்து 50 தோட்டாக்களைச் சுட்டு, 250 மதிப்பெண்ணுக்கு 175 பெற வேண்டும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணி இடுப்பில் சுமப்பதைவிடத் தேர்வு எழுதுவது நல்லது.

எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் சகோதரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்களைப் போன்றோர் துப்பாக்கி வைத்திருப்பதையே நடுவணரசின் சட்டம் தடை செய்கிறது. நண்பருடைய துப்பாக்கியைச் சற்றுக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வினையாகலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் இதில் அடி எடுத்து வைக்காதீர்கள்.

இனி உறைக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் துப்பாக்கியை வாங்கி, எஞ்சிய பணத்தில் உறை தேடுகின்றனர். முஸ்லிமுக்கு இம்முறை பொருந்தாது என்பது நம் கருத்து. நாம் நாளொன்றுக்கு ஐவேளை உளூச் செய்கிறோம், குனிகிறோம், நெற்றியைத் தரையில் வைக்கிறோம், கால் மடித்து அமர்கிறோம். இடுப்பில் உறுத்துகின்ற ஆயுதத்தை மனிதன் கழற்றி வைப்பான். எங்கே வைப்பான்? உளூச் செய்யும் இடத்தின் திண்ணையில், கழிவறையின் தண்ணீர்த் தொட்டி மேல், செருப்பு அடுக்கில், வண்டியின் முன்பெட்டியில். பள்ளிவாசலில் இவ்விடங்கள் எல்லாம் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடங்கள். உடலோடு இருக்கும் துப்பாக்கியைக் காட்டிலும் கழற்றி வைத்த துப்பாக்கியே நமக்குப் பேராபத்து. ஆகையால் வசதி என்பதை இங்கே சொகுசாகக் கருத வேண்டாம். அமானிதத்தைக் கழற்றாமல் காப்பதற்கான நிபந்தனை அது.

எந்த உறையையும் நாங்கள் தொழுகையைக் கொண்டே சோதித்தோம். வீட்டில், தோட்டாக் கூட்டை எடுத்து, குழலின் அறையும் காலியாக இருப்பதை இருமுறை பார்த்த பின், துப்பாக்கியை உறையில் இட்டு இரண்டு ரக்அத்துக்கான அசைவுகளைச் செய்து பார்த்தோம். கணுக்கால் உறை முதலிலேயே தள்ளப்பட்டது. கால் கழுவும்போதெல்லாம் அதைக் கழற்ற வேண்டும். சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் ஸஜ்தாவிலும் இருப்பிலும் நழுவ இடம் தருகின்றன. வயிற்றின் முன்புறம், கால்சட்டைக்கு உட்புறமாக அணிவதை இந்நாட்டில் பலர் விரும்புகின்றனர். நிற்கையில் அது நன்றாக மறைகிறது. ஆனால் ருகூவில் கைப்பிடி வயிற்றில் குத்துகிறது. அமரும்போது குழல் தொடையையும் அடிவயிற்றையும் நோக்குகிறது. இடுப்பின் பின்புறம் அணிந்தால் குனிந்த உடனே சட்டை மேலேறி, பின்வரிசையில் நிற்பவர் கண்ணில் ஆயுதம் படுகிறது. அவருடைய தொழுகையின் ஓர்மை அங்கேயே குலைந்துவிடும். இறுதியில் வலது இடுப்பெலும்புக்குச் சற்றே பின்னால், கால்சட்டைக்கு உட்புறம் அணிவதே எங்கள் மூவருக்கும் ஒத்துவந்தது. உடல்வாகு வேறுபடுவதால் உங்களுக்கு ஓர் அங்குலம் முன்பின் ஆகலாம்.

உறையில் பார்க்க வேண்டியவை நான்கு. விசையை அது முழுவதுமாக மூட வேண்டும். துப்பாக்கியை எடுத்த பின்னும் அதன் வாய் திறந்தே நிற்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி விழக்கூடாது. இச்சோதனையைக் காலியான துப்பாக்கியுடன் மெத்தையின் மேல் செய்யுங்கள். பெல்ட்டை அது விட்டுவிடாமல் பற்ற வேண்டும். கைடெக்ஸ் என்னும் கடினப் பிளாஸ்டிக் உறை இந்நான்கிலும் தேறுகிறது. தொடக்கத்தில் சற்று உறுத்தும். தோல் உறை உடலோடு இணங்கும்; ஆனால் பழகித் தளர்ந்த தோலின் மடிப்பு விசைக்குள் நுழைந்து தானே வெடிக்கச் செய்யக்கூடும். விலை மலிந்த நைலான் உறைகளை வாங்காதீர்கள். பெல்ட் தடித்ததாகவும் வளையாததாகவும் இருக்கட்டும். சாதாரண பெல்ட்டில் துப்பாக்கி தொங்கி ஆடும், ஆடுவது உறுத்தும், உறுத்துவது கழற்றப்படும்.

தோல் உறை வாங்குவோர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. சில உறைகளின் உட்புறம் பன்றித் தோலால் ஆனது. பன்றியின் தோல் பதனிடுவதால் தூய்மையாகாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலையான தீர்ப்பு. அதை அணிந்து தொழுவது நம் தொழுகையையே பாழாக்கும். மாட்டுத் தோல் என்று உறுதிபடத் தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் போதும். மறைப்பதற்குக் கடினமானது குழலன்று, கைப்பிடியே. குனியும்போது சட்டையைத் தூக்கிக் காட்டுவது அதுதான். கிளாக் 19 என்பது 9 மில்லிமீட்டர் வகையில் புகழ்பெற்றது. குழல் 4 அங்குலம், கூட்டில் 15 தோட்டாக்கள், வெறும் எடையே ஏறத்தாழ 670 கிராம். 2018இல் வந்த சிக் பி365 அதே 9 மில்லிமீட்டர் தோட்டாவை 3.1 அங்குலக் குழலிலும் ஏறத்தாழ 500 கிராம் எடையிலும் அடக்கி, கூட்டில் 10 தோட்டாக்களைக் கொள்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற ஐந்து தோட்டாச் சுழல் துப்பாக்கி இன்னும் இலேசானது; ஆனால் அதன் விசை கடினமானது, குறி தவறுவது எளிது. எடை குறையக் குறையச் சுடும்போது கை அதிகம் உதறும். மறைப்பதற்கு எளிதானது சுடுவதற்குக் கடினம். எங்களில் இருவர் நடுத்தர அளவையும் ஒருவர் சிறியதையும் தேர்ந்தோம். மூவரும் வாங்கும் முன் பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தோம். மக்கள் நிறைந்த தொழுகைக் கூடத்தில் குறி தவறும் ஒவ்வொரு தோட்டாவும் ஒரு சகோதரரை நோக்கிச் செல்லும் என்பதை மறவாதீர்கள்.

உடையிலும் கவனம் தேவை. முழங்கால் வரை நீளும் ஜுப்பா நன்றாக மறைக்கும். ஆனால் அவசரத்தில் அத்தனை துணியையும் தூக்க வேண்டும். இடுப்புக்குக் கீழ் ஒரு சாண் தொங்கும் தளர்ந்த சட்டையே இரண்டுக்கும் நடுவானது. உள்ளே ஒரு பனியன் இருந்தால் டெக்சாஸ் வெயிலின் வியர்வையில் தோல் புண்படாது. முஆனகா செய்ய வருவோரை இடது தோளால் எதிர்கொள்ளப் பழகுங்கள். இல்லையேல் பெருநாளன்று உங்களைத் தழுவும் முதியவரின் கை உறையின் மேல் பட்டு அவர் திடுக்கிடுவார்.

நம் மார்க்கம் ஆயுதத்தின் உறுத்தலையும் அறிந்தே பேசுகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 102ஆவது வசனம், போர்ச்சூழலில் அணி பிரிந்து தொழுவோர் ஆயுதங்களைத் தம்மோடு வைத்திருக்கக் கட்டளையிடுகிறது. மழையோ நோயோ தொல்லை தந்தால் அவற்றைக் கீழே வைப்பதில் குற்றமில்லை என்றும், அப்போதும் எச்சரிக்கையை விடக்கூடாது என்றும் அதே வசனம் சொல்கிறது. நம் வெள்ளிக்கிழமை போர்க்களமன்று. அச்சட்டத்தை அப்படியே இங்கு பொருத்த இயலாது. ஆயினும், சுமப்பவனின் உடலுக்கு இரங்குவதும் அவனது விழிப்பைத் தளரவிடாததும் ஒரே வசனத்தில் நிற்பது நமக்குப் போதிய பாடம். அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைவீதியையோ கடப்பவர், எவரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உறையற்ற வாளைப் பிறர் கையில் கொடுப்பதையும் தடுத்தார்கள். விசையை மூடும் உறையைத் தேடியபோது நாங்கள் தேடியது அந்த ஒழுக்கத்தைத்தான்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின் ஒரு கேள்வி எஞ்சியது. நிர்வாகக் குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை நிற்கிறீர்கள்; சனிக்கிழமை மத்ரஸாவுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அன்றைக்குப் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள்?"

நாம் மறுத்ததற்கான காரணமும் அப்பிள்ளைகளே. ஆறு வயதுப் பிள்ளை ஓதிக் காட்டும்போது நம் மடியில் சாய்கிறது. ளுஹர் தொழுகையில் ஸஜ்தாவிலிருக்கும் முதுகில் ஏறுகிறது. தம் பேரர் முதுகில் ஏறியபோது அவர் இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பிள்ளை நெருங்கும்போதெல்லாம் வலப்புறத்தைத் திருப்பி விலகும் உஸ்தாதால் அந்த சுன்னத்தைக் கற்பிக்க முடியாது. கல்வி நடக்கும் இடங்களுக்கான ஆயுதச் சட்டம் கடுமையானது என்பது இன்னொரு காரணம். பாடத்தில் மூழ்கியவர் காவலராக இருக்க இயலாது என்பது மூன்றாவது.

"அப்படியானால் எவனாவது உள்ளே வந்துவிட்டால்?" என்று பெரியவர் விடவில்லை. வந்தால், வெறுங்கையோடு பிள்ளைகளுக்கு முன்னே நிற்போம் என்றோம். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய இரவு நமக்கு உறக்கம் எளிதாக வரவில்லை. நம் வீட்டாரிடமும் சொன்னோம்; அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, வாசல் கதவுக்கு உள்ளிருந்து பூட்டும் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை இல்லை. இப்போது இருக்கிறது. வகுப்பு நேரத்தில் பாடம் நடத்தாத ஒருவர் வாசலில் அமர்கிறார். உள்ளூர்க் காவல்துறையினர் வந்து வெளியேறும் வழிகளைப் பார்த்துக் குறித்துச் சென்றனர். நம் துப்பாக்கி அந்நேரம் வீட்டில் பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிறைத்த துப்பாக்கியை வைப்பது இம்மாநிலத்தில் குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது குற்றமே.

வாங்க முடிவு செய்துள்ள சகோதரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். நல்ல உறை உடலுக்கு ஆயுதத்தை மறக்கச் செய்யும். உள்ளம் அதை மறந்துவிடக்கூடாது. காலையில் அணியும்போது நிய்யத்தைப் புதுப்பியுங்கள். சாலையில் எவரேனும் குறுக்கே புகுந்தால் வழிவிடுங்கள். வாக்குவாதங்களில் முதலில் தோற்றுப்போங்கள். கோபத்தை அடக்குபவரே வலிமையாளர் என்ற நபிமொழி, இடுப்பில் ஆயுதம் உள்ளவருக்கு மற்றவர்களைவிட இருமடங்கு பொருந்தும். அந்த அடக்கம் தம்மிடம் இல்லை என்று அறிந்தவர் வாங்காமல் இருப்பதும் தக்வாவே.

நாம் அணிந்திருப்பது ஒருநாளும் தேவைப்படாமலே துருப்பிடித்துப் போகட்டும். நம் பள்ளிவாசல்களையும் பிறரின் வணக்கத்தலங்களையும், அவற்றில் ஓடி விளையாடும் பிள்ளைகளையும் வல்ல ரஹ்மான் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.